மார்பிள்ஹெட் ரெஜிமென்ட்: ஒரே படையா, மூன்று படைகளா?

பனையோலை:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கல்லூரி வரலாற்று மன்றத்தின் ஆண்டு மலருக்காக, மாசசூசெட்ஸ் கடற்கரையில் உள்ள மார்பிள்ஹெட் என்ற மீன்பிடி ஊரிலிருந்து அமெரிக்கப் புரட்சிப் போருக்குச் சென்ற படையைப் பற்றிக் கட்டுரை எழுதி வருகிறேன். படிக்கப் படிக்கக் குழப்பம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. ஓரிடத்தில் இதனை "மார்பிள்ஹெட் மிலிஷியா" என்கிறார்கள்; இன்னோரிடத்தில் "21ஆவது மாசசூசெட்ஸ் ரெஜிமென்ட்" என்று இருக்கிறது; வேறோர் இடத்தில் "14ஆவது கான்டினென்டல் ரெஜிமென்ட்" ஆகிவிடுகிறது. தலைவர் பெயர் மட்டும் எல்லாவற்றிலும் ஜான் குளோவர்தான். இது ஒரே படையின் மூன்று பெயர்களா, அல்லது மூன்று வெவ்வேறு படைகளா?

இரண்டாவது கேள்விதான் என்னை அதிகம் உறுத்துகிறது. 1776 டிசம்பர் 26ஆம் நாள் டிரென்டனில் வெற்றி கிடைக்கிறது. ஐந்தே நாள்களில், வாஷிங்டனுக்கு ஒவ்வோர் ஆளும் தேவைப்பட்ட நேரத்தில், இந்தப் படையினரில் பெரும்பாலோர் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். என் வரைவைப் பார்த்த பேராசிரியர் ஒருவர், "நாட்டுப்பற்று அவ்வளவுதான் இருந்திருக்கிறது" என்று ஓரத்தில் எழுதித் தந்துவிட்டார். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் மறுத்து எழுத ஆதாரம் வேண்டுமே.

பழஞ்சுவடி:

நல்ல கேள்வி. முதல் பாதிக்கு மட்டும் இப்போது விடை சொல்கிறேன்.

மாசசூசெட்ஸில் மிலிஷியா என்பது ஒருவர் விரும்பிச் சேரும் படை அன்று. சட்டப்படி அமைந்த கடமை. 16 வயதிலிருந்து 60 வயது வரை உடல் வலுவுள்ள ஆண்கள் பெரும்பாலும் எல்லோரும் சொந்தத் துப்பாக்கியுடன் பயிற்சி நாள்களில் ஊர்ப் பொது மைதானத்துக்கு வந்து நிற்க வேண்டும். 1636 டிசம்பர் 13 அன்று குடியேற்றத்தின் பொது மன்றம் இந்த ஊர்க் கம்பெனிகளை வடக்கு, தெற்கு, கிழக்கு என்று மூன்று ரெஜிமென்டுகளாகப் பிரித்தது. சேலம், சாகஸ், இப்ஸ்விச், நியூபரி ஆகிய ஊர்கள் கிழக்கு ரெஜிமென்டில் அடங்கின. அன்றைக்கு மார்பிள்ஹெட் தனி ஊர்கூட இல்லை. சேலத்தின் ஒரு பகுதியாக இருந்து 1649இல்தான் பிரிந்தது. ஊர்கள் பெருகப் பெருக இந்த ரெஜிமென்டுகளும் பலவாகப் பிரிந்தன. 1770களில் மார்பிள்ஹெட் சுமார் 5,000 பேர் வாழும் ஊராக வளர்ந்திருந்ததால் தனக்கென ஒரு ரெஜிமென்டே வைத்திருந்தது. அதன் கர்னல் ஜெரமையா லீ, ஊரின் பெரும் பணக்கார வணிகர்.

1774 அக்டோபரில் மாசசூசெட்ஸ் மாகாணப் பேராயம், அரச ஆளுநர் நியமித்த அதிகாரிகளை விடுத்துக் கம்பெனிகள் தங்கள் அதிகாரிகளைத் தாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும், நான்கில் ஒரு பங்கினரை உடனடிப் புறப்பாட்டுக்கு ஆயத்தமாக வைக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது. "மினிட்மென்" என்று நாம் படிப்பது இவர்களைத்தான். 1775 ஏப்ரல் 18 இரவு லீயும் எல்பிரிட்ஜ் ஜெர்ரியும் ஏசர் ஆர்னும் மெனோட்டமி என்ற ஊரின் விடுதியில் தங்கியிருந்தபோது, பிரிட்டிஷ் படை அவ்வழியே போனது. மூவரும் இரவு உடையோடு வெளியே ஓடி அறுவடை முடிந்த வயலில் குளிரில் படுத்துக் கிடந்தார்கள். லீக்கு அதில் கண்ட காய்ச்சல் தணியவில்லை; மே 10 அன்று இறந்துபோனார். தலைமை குளோவரிடம் வந்தது.

இதுவரை மிலிஷியா. அதே ஏப்ரல் 23ஆம் நாள் பேராயம் 13,600 பேர் கொண்ட தனிப் படையொன்றைத் திரட்ட முடிவெடுத்தது. ஆண்டு இறுதி வரை சம்பளத்துக்கு வேலை என்பது அதன் ஏற்பாடு. குளோவரின் ஆட்கள் பத்துக் கம்பெனிகளாக அதில் சேர்ந்தபோது உண்டானதுதான் 21ஆவது மாசசூசெட்ஸ். 1776 ஜனவரி 1 முதல் ஓராண்டுக்குப் புதிதாகக் கையெழுத்திட்டுச் சேர்ந்தவர்களைக் கொண்டது 14ஆவது கான்டினென்டல், அதாவது குடியேற்றங்கள் அனைத்துக்கும் பொதுவான வாஷிங்டன் படையின் ரெஜிமென்ட். ஆக, ஆட்களில் பலர் அவர்களே. சட்டத்தின் பார்வையில் மூன்றும் வேறு. ஊர் மிலிஷியா இந்த இரண்டுக்கும் அப்பால் ஊரிலேயே தொடர்ந்து இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

நெய்தல்:

பழஞ்சுவடி ஐயா சட்டத்தைச் சொல்லிவிட்டார். நான் கடற்கரைக் குடும்பத்தில் பிறந்தவன். தொழிலைப் பற்றிச் சொல்கிறேன். இந்தப் படையைப் புரிந்துகொள்ள மைதானப் பயிற்சியைவிட மீன்பிடிப் படகைப் பார்ப்பதே உதவும் என்பது என் எண்ணம்.

மார்பிள்ஹெட்காரர்கள் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தென்கிழக்கே உள்ள கிராண்ட் பேங்க்ஸ் என்னும் ஆழமற்ற கடல் மேடைக்கு ஸ்கூனர் என்னும் பாய்மரக் கப்பல்களில் போய்க் காட் மீன் பிடித்தார்கள். ஒரு ஸ்கூனரில் ஏழெட்டுப் பேர். கப்பல் விளிம்பில் வரிசையாக நின்று ஆளுக்கு ஒரு தூண்டில் கயிற்றை இறக்குவார்கள். பிடித்ததை அங்கேயே கீறி உப்பிட்டு, கரைக்கு வந்தபின் பரண்களில் விரித்துக் காய வைப்பார்கள். நல்ல கருவாடு ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் போகும். உடைந்ததும் தரம் குறைந்ததும் மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு, அங்கே அடிமைப்பட்டுக் கிடந்தவர்களின் உணவாகப் போகும். இந்தப் பணத்தில்தான் லீயின் மாளிகை எழுந்தது என்பதை உங்கள் கட்டுரையில் ஒரு வரியாவது குறிப்பிடுங்கள்.

கூலி மாதச் சம்பளம் அன்று, பங்கு. கப்பலில் போகும் சிறுவர்கள் தாங்கள் பிடித்த மீனின் வாலில் ஒரு துண்டைக் கிள்ளி அடையாளம் வைப்பார்கள், கணக்குப் பார்க்கும்போது யாருடைய மீன் எது என்று தெரிய வேண்டும் அல்லவா? அந்தச் சிறுவர்களுக்கு "வால்வெட்டி" என்றே பெயர். பருவம் முடிந்ததும் சம்மாட்டி, அதாவது கப்பல் உரிமையாளர், கணக்கைத் திறப்பார்; முன்பணமாக வாங்கிய மாவு, ரம், காலணி, தூண்டில் எல்லாம் கழிக்கப்படும்; மீதி இருந்தால் கைக்கு வரும். பருவம் முடிந்தால் ஒப்பந்தமும் முடிந்தது. அடுத்த பருவத்துக்கு வேறு கப்பலில் ஏறுவதை யாரும் துரோகம் என்று சொல்ல மாட்டார்கள்.

இப்போது 1775க்கு வாருங்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அந்த ஆண்டு மார்ச்சில் ஒரு சட்டம் இயற்றி, ஜூலை 20க்குப் பிறகு நியூ இங்கிலாந்துக் கப்பல்கள் வட அட்லாண்டிக்கில் மீன் பிடிக்கக் கூடாது என்று தடை போட்டது. ஊர் முழுவதும் ஒரே நாளில் வேலை இழக்கும் நிலை. குளோவர் ஜூன் மாதம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கேம்பிரிட்ஜ் முகாமுக்குப் போகிறார். அவரே கப்பல் உரிமையாளர். செருப்புத் தைக்கும் தொழிலில் தொடங்கி, ரம் வணிகம் செய்து, பின் சொந்தக் கப்பல்கள் வைத்தவர். கம்பெனித் தலைவர்கள் பலர் கப்பல் தண்டல்கள், அதாவது கப்பலை நடத்திச் செல்பவர்கள். இதைப் படை என்று மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும்; கடலுக்குப் போக முடியாத ஒரு மீன்பிடிப் பருவம் அப்படியே முகாமுக்கு இடம்பெயர்ந்தது என்று பார்த்தால் மீதியும் தெரியும்.

எதிர்வாதி:

நெய்தலின் பதிவு அழகாக இருக்கிறது. அழகுதான் எனக்குச் சந்தேகம் தருகிறது. தண்டலும் ஆட்களும் ஒரே குடும்பம் போல இருந்தார்கள் என்ற தோற்றம் அதில் வந்துவிடுகிறது. உண்மை வேறு.

1773இல் குளோவர், ஜெர்ரி, ஆர்ன் முதலியோர் ஊருக்கு எதிரே இருந்த கேட் தீவில் அம்மை குத்தும் மருத்துவமனை ஒன்றைத் தங்கள் சொந்த முதலீட்டில் அமைத்தார்கள். கட்டணம் கட்டக்கூடியவர்களுக்குச் சிகிச்சை. அங்கிருந்து நோய் கரைக்குத் தொற்றினால் சாவது ஏழை மீனவர்கள் என்று ஊர் கொதித்தது. 1774 ஜனவரியில் முகத்தில் கரி பூசிய கூட்டம் ஒன்று தீவுக்குப் போய்க் கட்டடத்தைக் கொளுத்திவிட்டது. குளோவர் தம் வீட்டு முன்கூடத்தில் சிறு பீரங்கிகளை வாசலை நோக்கி நிறுத்திவைத்தார் என்றுகூடச் சொல்வார்கள். அந்த நெருப்புக்கும் கேம்பிரிட்ஜ் பயணத்துக்கும் இடையே 17 மாதங்கள்தாம். கொளுத்தியவர்களில் சிலராவது குளோவரின் கம்பெனிகளில் நின்றிருப்பார்கள் என்று ஊகிப்பதில் தவறில்லை. ஆகவே "ஊரே ஒரு குடும்பம்" என்று எழுதிவிடாதீர்கள்.

நெய்தல்:

எதிர்வாதி சொல்வது சரி. கேட் தீவை நான் விட்டிருக்கக் கூடாது. ஆனால் அது என் வாதத்தைத்தான் பலப்படுத்துகிறது. கடனும் கோபமும் இருந்தும் ஒரே கப்பலில் ஏறுவார்கள். ஏறியபின் தண்டல் சொன்னபடி கயிற்றை இழுப்பார்கள். இறங்கியபின் மறுபடியும் சண்டை போடுவார்கள். குடும்பப் பாசம் இல்லாமலும் ஒழுங்கு வரும் என்பதற்குக் கடல் தொழிலே சாட்சி.

பனையோலை:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. ஒன்று கேட்க வேண்டும். மிலிஷியாவாக இருந்தபோது இவர்கள் உண்மையிலேயே எதையாவது எதிர்கொண்டார்களா, அல்லது வெறும் பயிற்சிதானா?

பழஞ்சுவடி:

எதிர்கொண்டார்கள்; ஒரு குண்டும் சுடாமல்.

1775 பிப்ரவரி 26, ஞாயிற்றுக்கிழமை. சேலத்தில் பீரங்கிகள் பதுக்கப்பட்டிருப்பதாகச் செய்தி கிடைத்ததால், லெப்டினன்ட் கர்னல் அலெக்சாண்டர் லெஸ்லி 64ஆவது ரெஜிமென்டின் சுமார் 240 வீரர்களுடன் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்தார். ஊரார் பிற்பகல் வழிபாட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து மார்பிள்ஹெட் கரையில் இறங்கிச் சேலத்தை நோக்கி நடக்கத் தொடங்கினார். தேவாலயங்களின் வாசலில் முரசு அடித்தது. ஒரு பக்கம் சேலத்துக்குக் குதிரையில் ஆள் பறந்தது. இன்னொரு பக்கம் மார்பிள்ஹெட் கம்பெனிகள் கூடின. சேலத்தில் வடக்குப் பாலத்தின் நடுப்பகுதியை உயர்த்திவிட்டார்கள். லெஸ்லி மணிக்கணக்கில் குளிரில் நின்றார். முடிவில், பாலத்தை இறக்கினால் சிறிது தூரம் மட்டும் நடந்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன் என்று உடன்பாடு ஏற்பட்டது. அவ்வாறே நடந்து, வெறுங்கையுடன் திரும்பினார். அவர் கப்பலேற வந்த வழியில்தான் மார்பிள்ஹெட் மிலிஷியா ஆயுதத்துடன் நின்றிருந்தது. இரு பக்கமும் கட்டுப்பாடு காத்தன. லெக்சிங்டன் சண்டைக்கு ஏழு வாரங்களுக்கு முந்தைய நிகழ்ச்சி இது. ஒரு துப்பாக்கி வெடித்திருந்தால் பாடநூல்களில் போர் தொடங்கிய ஊரின் பெயரே மாறியிருக்கும்.

மிலிஷியா என்ற அமைப்பு தான் எதற்காக உருவானதோ அதைச் செய்த நாள் அதுதான்: ஒரு பிற்பகல், சொந்த ஊர், சொந்தத் துப்பாக்கி. நியூயார்க்குக்கும் நியூஜெர்சிக்கும் போய்ப் பல மாதம் சண்டையிட அது ஏற்ற கருவி அன்று.

குறிஞ்சிமுகடு:

இழையைத் தொடர்ந்து வாசிக்கிறேன். இந்தப் படையில் கறுப்பின வீரர்களும் பூர்வகுடியினரும் வெள்ளையருடன் ஒரே கம்பெனியில் இருந்தார்கள் என்றும், அதன் காரணமாகவே ஹார்வர்டு வளாகத்தில் வர்ஜீனியா வீரர்களுடன் பெரும் பனிக்கட்டிச் சண்டை மூண்டது என்றும், வாஷிங்டனே குதிரையிலிருந்து குதித்து அதனை விலக்கினார் என்றும் இணையத்தில் பல இடங்களில் பார்த்தேன். இது எவ்வளவு நம்பத்தக்கது?

எதிர்வாதி:

முதல் பகுதி உண்மை. மீன்பிடிக் கப்பலில் எப்படிக் கலந்து வேலை செய்தார்களோ அப்படியே கம்பெனிகளிலும் இருந்தார்கள். 1776இல் நியூயார்க்கில் இந்தப் படையைப் பார்த்த பென்சில்வேனியா அதிகாரி அலெக்சாண்டர் கிரேடன் பின்னாளில் எழுதிய நினைவுக்குறிப்பில், நியூ இங்கிலாந்துப் படைகள் எல்லாவற்றையும் ஏளனம் செய்துவிட்டு, குளோவர் படை ஒன்றை மட்டும் ஒழுங்குள்ளது என்று விதிவிலக்காகப் பாராட்டுகிறார். பாராட்டிய கையோடு, அதிலும் கறுப்பர்கள் பலர் இருந்தது பழக்கமில்லாதவர் கண்ணுக்கு இழிவாகப் பட்டது என்றும் எழுதுகிறார். பகைமையோடு பார்த்தவரின் சாட்சி என்பதால் இது வலுவானது. 1775இன் இறுதியில் கறுப்பின வீரர்களை மீண்டும் சேர்க்கக் கூடாது என்ற உத்தரவு வந்து, முன்பே பணியாற்றிய சுதந்திரமானவர்கள் சேரலாம் என்று டிசம்பர் 30 அன்று வாஷிங்டன் தளர்த்திய கதையும் இதனோடு சேர்ந்தது.

இரண்டாம் பகுதியை எச்சரிக்கையுடன் அணுக வேண்டும். அந்தச் சண்டையைச் சொல்பவர் இஸ்ரேல் டிராஸ்க். நிகழ்ந்தபோது அவர் பத்து வயதுச் சிறுவன். ஓய்வூதிய விண்ணப்பத்துக்காக அதனைச் சொன்னது ஏறத்தாழ 70 ஆண்டுகள் கழித்து. அவர் சொல்வதைக் கவனமாகப் படித்தால், சீண்டியவர்கள் மார்பிள்ஹெட்காரர்கள்தாம். வர்ஜீனியாக்காரர்களின் குஞ்சம் தொங்கும் வெள்ளை லினன் சட்டையைப் பார்த்துச் சிரித்தார்கள். தங்கள் குட்டைச் சட்டையும் மீனவர் கால்சட்டையும் உயர்ந்தவை என்ற நினைப்பு. கேலி பனியுருண்டையானது, பனியுருண்டை கைகலப்பானது. வாஷிங்டன் இரண்டு வர்ஜீனியாக்காரர்களின் கழுத்தைப் பிடித்து உலுக்கியதும் கூட்டம் கலைந்தது. நிறவெறியே காரணம் என்பதை டிராஸ்க் சொல்லவில்லை, பிற்காலத்தவர் சேர்த்தது. சேர்த்தவர்களின் ஊகம் பொருந்தக்கூடியதுதான், ஆனால் சாட்சியின் வாயில் அதைப் போடக் கூடாது.

குறிஞ்சிமுகடு:

நன்றி ஐயா. நானே ஒரு பதிவில் அப்படி எழுதியிருந்தேன். திருத்திவிடுகிறேன்.

பனையோலை:

இப்போது படகுகளுக்கு வரலாமா? நான் எழுதியிருக்கும் வரைவில், "ஈஸ்ட் ஆற்றிலும் டெலவேர் ஆற்றிலும் வாஷிங்டனின் படையைத் தம் துடுப்பால் இருமுறை காப்பாற்றியது மார்பிள்ஹெட் ரெஜிமென்ட், இடையே பெல்ஸ் பாயின்ட்டில் பிரிட்டிஷாரைத் தடுத்து நிறுத்தியதும் அதுவே" என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. அப்படியே விடலாமா?

பழஞ்சுவடி:

மூன்றில் ஒன்றை விடலாம், ஒன்றைத் திருத்த வேண்டும், ஒன்றை அடிக்க வேண்டும்.

ஈஸ்ட் ஆறு: 1776 ஆகஸ்ட் 27 அன்று லாங் ஐலண்டில் தோற்ற படை புரூக்ளின் மேட்டில் ஆற்றுக்கு முதுகைக் காட்டி மாட்டிக்கொண்டது. 29ஆம் நாள் இரவு சுமார் 9,000 பேரை மன்ஹாட்டனுக்குக் கடத்தினார்கள். முன்னிரவில் வடகிழக்குக் காற்றும் எதிர் நீரோட்டமும் சேர்ந்து பாய்க் கப்பல்களை அசையவிடவில்லை. துடுப்புப் படகுகள் மட்டும் ஓடின. நள்ளிரவை ஒட்டிக் காற்று திசை மாறியது. விடியலில் மூடுபனி இறங்கிக் கடைசிப் பிரிவுகளை மறைத்தது. சேற்றில் புதைந்த சில கனரக பீரங்கிகள் தவிர எல்லாம் அக்கரை சேர்ந்தன. ஆனால் இதைச் செய்தது குளோவர் படை மட்டும் அன்று. சேலம், லின் முதலிய ஊர்களிலிருந்து வந்த இஸ்ரேல் ஹட்சின்சனின் 27ஆவது ரெஜிமென்டும் இரவெல்லாம் துடுப்புப் போட்டது. அவர்களையும் சேர்த்து எழுதுங்கள்.

பெல்ஸ் பாயின்ட், அக்டோபர் 18: குளோவர் அன்று நான்கு ரெஜிமென்டுகள் கொண்ட ஒரு படைப்பிரிவுக்குப் பொறுப்பாளர்; மொத்தம் 750 பேர் அளவில். எதிரே இறங்கியவர்கள் சுமார் 4,000. கற்சுவர்களுக்குப் பின்னால் ரீட், ஷெப்பர்ட், பால்ட்வின் ஆகியோரின் ரெஜிமென்டுகளை அடுத்தடுத்து நிறுத்தி, ஒன்று சுட்டுவிட்டுப் பின்வாங்க அடுத்தது சுடும்படி அமைத்தார். அனுபவமுள்ள தளபதி ஒருவர் அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்திருந்தால் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன் என்று நான்கு நாள் கழித்து எழுதிய கடிதத்தில் ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார். அவருடைய சொந்த மார்பிள்ஹெட் ஆட்கள் எங்கே? பின்னால் குன்றின்மேல் பீரங்கிகளுடன் சேமப்படையாக. வெற்றி குளோவருடையது, மீனவர்களுடையது அன்று. அந்தப் பகுதியை அடித்துவிடுங்கள்.

எதிர்வாதி:

டெலவேரைப் பற்றி நான் சேர்க்கிறேன். 1776 டிசம்பர் 25 இரவு மக்கான்கிஸ் படகுத்துறையில் 2,400 பேரும் 18 பீரங்கிகளும் கடந்தன. அந்த நேரத்தில் குளோவரின் ரெஜிமென்டில் நிற்கும் நிலையில் இருந்தவர்கள் 200 பேருக்கும் குறைவு. நோய், போர், விலகல் எல்லாம் தின்றதுபோக மீதி. இத்தனை பேர் மட்டும் எல்லாப் படகுகளையும் ஓட்டினார்கள் என்று எழுதுவது சரியன்று. உள்ளூர்ப் படகோட்டிகளும் ஃபிலடெல்ஃபியா துறைமுகத்து ஆட்களும் இருந்தார்கள். மேலும் அங்கே பயன்பட்ட டர்ஹம் படகுகள் இரும்பு ஏற்றும் ஆற்றுப் படகுகள். 40 முதல் 60 அடி நீளம், தட்டையான அடி. அவற்றைப் பெரும்பாலும் நீண்ட கழிகளை ஆற்றடியில் ஊன்றித்தான் தள்ளுவார்கள். பீரங்கிகளும் குதிரைகளும் அகன்ற துறைப் படகுகளில் போயின. கடல் மீனவருக்கு இந்தக் கழித் தொழில் பிறவிப் பழக்கம் என்று சொல்ல முடியுமா?

அதே இரவு வேறு இரண்டு இடங்களில் கடக்க முயன்ற படைகள் தோற்றன. குளோவர் அங்கே இல்லாததால்தான் தோற்றன என்பார்கள். கீழ்ப்பகுதியில் பனிக்கட்டி கரையோரம் அடைத்துக் குவிந்திருந்தது. அங்கே கடக்க முயன்ற தளபதி கேட்வாலடரின் காலாட்படையில் ஒரு பகுதி அக்கரை போயும் பீரங்கிகளை இறக்க வழியில்லாமல் திரும்பியது. ஆற்றின் நிலையே வேறாக இருக்கும்போது ஆட்களின் திறமையை மட்டும் ஒப்பிடுவது முறையன்று.

நெய்தல்:

எதிர்வாதிக்கு ஒரு பாதி ஒப்புதல். இன்னொன்றும் சொல்லி உங்கள் பக்கத்துக்கே வலு சேர்க்கிறேன்: கிராண்ட் பேங்க்ஸில் சிறு டோரிப் படகுகளை இறக்கி மீன் பிடித்தவர்கள் என்று இவர்களைப் பற்றிப் பலர் எழுதுகிறார்கள். டோரி முறை 19ஆம் நூற்றாண்டுக்கு உரியது. இவர்கள் கப்பல் விளிம்பில் நின்று பிடித்தவர்கள்.

ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். பயம் பிடித்த குதிரையையும் 40 பேரையும் இருட்டில், மிதக்கும் பனிக்கட்டிக்கு நடுவே ஏற்றி இறக்குவது கைவலிமையால் ஆவது அன்று. யார் முதலில் ஏறுவது, எடை எங்கே, கட்டும் கயிற்றை எப்போது விடுவது, மோத வரும் பனிக்கட்டியைக் கழியால் எந்தக் கோணத்தில் தள்ளுவது, கூச்சலுக்கு நடுவே யார் குரலுக்கு மட்டும் செவி கொடுப்பது என்பவைதாம் வேலை. ஆற்றில் நாஸ்ஸா கவுண்டியிலோ மலைநாட்டிலோ வளர்ந்த விவசாயி ஒருவன் அந்தப் படகின் விளிம்பில் எழுந்து நின்றால் அது கவிழும். எழாதே என்று அவனை உட்கார வைக்கும் அதிகாரம் ஒரு மீனவனின் உடலிலேயே இருக்கும். அதிகாலை மூன்று மணி அளவில் கடைசிப் பீரங்கி இறங்கியது. நேர அட்டவணை மூன்று மணி நேரம் பின்தங்கியது. ஆனால் ஒரு பீரங்கிகூட ஆற்றில் விழவில்லை. பிறகு அதே ஆட்கள் ஒன்பது மைல் நடந்து, டிரென்டனில் அசன்பிங்க் ஓடைப் பாலத்தை அடைத்து, பிரிட்டிஷாருக்காகப் போரிட்ட ஜெர்மன் வீரர்களான ஹெஸ்ஸியர்கள் தப்பும் வழியை மூடினார்கள். சுமார் 900 பேர் கைதானார்கள். அன்றே கைதிகளையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு ஆற்றைத் திரும்பக் கடந்தார்கள். இரண்டு இரவு தூக்கமில்லை.

எதிர்வாதி:

"நாஸ்ஸா கவுண்டி" என்று எங்கிருந்து எடுத்தீர்கள்? அந்தப் பெயரில் அன்றைக்கு ஒரு மாவட்டமே இல்லை. மற்றபடி, எழுந்து நிற்கும் விவசாயி என்னைச் சிரிக்க வைத்தார், வாதத்தை ஏற்கிறேன்.

நெய்தல்:

என் பிழை. "உள்நாட்டில்" என்று படித்துக்கொள்ளுங்கள்.

நெறியாளர்:

இழை சிறப்பாகப் போகிறது. பனையோலையின் இரண்டாவது கேள்வி இன்னும் விடைபெறாமல் நிற்கிறது என்பதை நினைவூட்டுகிறேன்.

பழஞ்சுவடி:

டிசம்பர் 31 அன்று பணிக்காலம் முடிகிறது. இன்னும் ஆறு வாரம் இருந்தால் பத்து டாலர் என்று வாஷிங்டன் அறிவிக்கிறார். நியூ இங்கிலாந்து வீரர்கள் சிலர் ஏற்கிறார்கள். மார்பிள்ஹெட்காரர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஆகையால் 1777 ஜனவரி 3இன் பிரின்ஸ்டன் போரில் இந்த ரெஜிமென்ட் இல்லை. பேராசிரியர் இதனை நாட்டுப்பற்றுக் குறைவு என்கிறார். இதற்கு முன், 1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் அதிகாரிகளும், அன்று தங்கள் பக்கம் நின்று போரிட்ட நியூ இங்கிலாந்து வீரர்களைப் பற்றி இதையேதான் சொல்லிப் புலம்பினார்கள்: நாள் முடிந்ததும் போய்விடுகிறார்கள் என்று. அந்த வீரர்களின் மனத்தில் படைச்சேர்க்கை என்பது அரசருக்கு அடிமைச்சீட்டு அன்று. இத்தனை மாதம், இவ்வளவு சம்பளம், இவ்வளவு உணவு என்ற ஒப்பந்தம். முதலாளி அதை மீறினாலும் அவர்கள் விடமாட்டார்கள். தாங்களும் ஒரு நாள் குறைக்க மாட்டார்கள், ஒரு நாள் கூட்டவும் மாட்டார்கள்.

நெய்தல்:

அதற்கு மேலும் நேரடியான சான்று இந்தப் படையிலேயே இருக்கிறது. 1775 செப்டம்பர் 5ஆம் நாள் குளோவரின் ஹானா என்ற ஸ்கூனரை வாடகைக்கு எடுத்து, அவர் படையின் கேப்டன் நிக்கல்சன் பிராட்டனையும் ஆட்களையும் ஏற்றி, பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களைப் பிடிக்க பெவர்லியிலிருந்து அனுப்பினார்கள். (அமெரிக்கக் கடற்படை எங்கள் ஊரில்தான் பிறந்தது என்று பெவர்லியும் மார்பிள்ஹெட்டும் இன்றும் மல்லுக்கட்டுவது இந்தக் கப்பலை வைத்துத்தான்.) முதலில் பிடித்த கப்பலான யூனிட்டி, பிரிட்டிஷார் ஏற்கெனவே கைப்பற்றி வைத்திருந்த அமெரிக்கர் ஒருவருடைய கப்பல். அதனால் உரியவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். மாலுமிகளுக்குப் பங்கு இல்லை. உடனே கலகம். எதிரியைப் பிடித்தோம், பங்கு எங்கே என்பதுதான் அவர்கள் கேள்வி. கலகக்காரர்கள் தண்டிக்கப்பட்டார்கள், கேள்வி அப்படியே இருந்தது.

1776 இறுதியில் ஊரில் என்ன நிலைமை? மீன்பிடித் தொழில் இல்லை. வீட்டில் கடன். படைச் சம்பளம் தேய்ந்துகொண்டே வரும் காகிதப் பணம். துறைமுகத்திலோ, அரசின் அனுமதிச் சீட்டுடன் எதிரிக் கப்பல்களைப் பிடிக்கும் தனியார் கப்பல்கள் ஆள் தேடுகின்றன; பிடித்ததில் பங்கு உண்டு. அவர்களுக்குத் தெரிந்த தொழிலும் அது, தெரிந்த கணக்கும் அது, எதிரியும் அதே எதிரி. போரை விட்டு அவர்கள் ஓடவில்லை, கப்பல் மாறினார்கள். அதில் சுகமும் இல்லை: பிடிபட்டவர்கள் இங்கிலாந்தில் பிளிமத்தில் இருந்த மில் சிறையிலும் போர்ட்ஸ்மத் அருகே ஃபோர்டன் சிறையிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள்.

எதிர்வாதி:

குளோவரையும் இந்த இடத்தில் நினைக்க வேண்டும். அவரும் வீட்டுக்குத்தான் போனார். 1777 பிப்ரவரியில் பிரிகேடியர் ஜெனரல் பதவி வந்தபோது தமக்கு அந்தத் தகுதி இல்லை என்று மறுத்து எழுதினார். வாஷிங்டன் கடிதம் எழுதி வற்புறுத்தியபின் ஏற்றார். சரட்டோகாவில் சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி பர்கோய்னின் படையைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு அவருக்கு வந்தது. ஆனால் அவருடைய மார்பிள்ஹெட் ரெஜிமென்ட் திரும்பக் கூடவே இல்லை. மாசசூசெட்ஸ் தேசியக் காவல் படையின் சில பிரிவுகள் இன்றும் 1636இன் மூன்று ரெஜிமென்டுகளிலிருந்து தங்கள் வழிமுறையைக் கணக்கிடுகின்றன. ஊர் மிலிஷியாவுக்கு அப்படிக் கொடிவழி உண்டு. 14ஆவது கான்டினென்டலுக்கு வாரிசு இல்லை.

பனையோலை:

எல்லோருக்கும் நன்றி. கட்டுரையில் ஓர் அட்டவணை போடப் போகிறேன். முதல் வரிசையில் மார்பிள்ஹெட் மிலிஷியா, லீயின் மரணம் வரையும் அதன் பின்னும். இரண்டாவதில் 21ஆவது மாசசூசெட்ஸ், 1775 டிசம்பர் 31 வரை. மூன்றாவதில் 14ஆவது கான்டினென்டல், 1776 ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. பெல்ஸ் பாயின்ட் வாக்கியத்தை அடித்துவிட்டேன். ஹட்சின்சனைச் சேர்த்துவிட்டேன். பேராசிரியரின் ஓரக்குறிப்புக்கு ஹானா கலகத்தை விடையாக எழுதியிருக்கிறேன்.

நெய்தல்:

நான்காவதாக ஒரு வரிசை விடுங்கள், தம்பி. 1777 ஜனவரி முதல் என்று தேதி போடுங்கள். படையின் பெயர் எழுதும் கட்டத்தில் கோடு போட்டுவிட்டு, பக்கத்துக் கட்டத்தில் "தனியார் போர்க்கப்பல்கள், மில், ஃபோர்டன்" என்று எழுதுங்கள். ஆட்கள் அவர்களேதான்.